22 வருடமாக வேனில் நான் சொல்லி வந்தது பொய்யா?

ஊட்டி வேன்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் சுற்றுலா வேன் ஓட்டிப் பிழைக்கிறேன். 22 வருடம் ஆகிவிட்டது. இந்தத் தொழிலில் ஸ்டீயரிங் பிடிப்பது பாதி வேலைதான். தொட்டபெட்டாவில் மேகம் விலகும்வரை, படகு இல்லத்தில் வரிசை நகரும்வரை, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சை நிறுத்தினால் பெரியவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள், குழந்தைகள் வாந்தி எடுக்கும்.

என் பேச்சின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "ஊட்டியைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன், கோயம்புத்தூர் கலெக்டர், 1819ஆம் ஆண்டு." எனக்கு வண்டி பழக்கிய மூத்தவர் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் படித்த நினைவு.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கேத்தி பள்ளத்தாக்கு தெரியும் வளைவில் நிறுத்தி, தேநீரும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தேன். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, வர்க்கியை நனைத்தபடியே கேட்டாள்: "அண்ணா, அவர் ஏறி வந்தபோது இங்கே யாருமே இல்லையா?"

"இருந்தார்கள் அம்மா. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று எல்லோரும் இருந்தார்கள்."

"தொலைந்துபோனதைத்தானே கண்டுபிடிப்பார்கள்? அவர்களில் யார் ஊட்டியைத் தொலைத்தது?"

வண்டியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் காது மடல் சுட்டது. அன்று இரவு மகனை உட்காரவைத்துத் தேடச் சொன்னேன். ஒரு பக்கத்தில் 1818 என்கிறார்கள், இன்னொன்றில் 1603இலேயே ஒரு பாதிரியார் வந்தார் என்கிறார்கள், வேறொன்றில் 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு என்கிறார்கள். தலை சுற்றியது.

என் கேள்வி இதுதான். நடந்தது நடந்ததுதானே? சல்லிவன் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் போய் எதையும் மாற்றப்போவதில்லை. பிறகு வரலாறு எழுதுகிறவர்கள் மட்டும் ஏன் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்? நான் இத்தனை நாள் சொன்னது பொய்யா? திட்டாமல் பதில் சொல்லுங்கள். படித்தவர்கள் புரியும்படி சொன்னால் இன்னும் நல்லது.

குன்னூர் ஓய்வாசிரியர்

தம்பி, உங்கள் ஆண்டில் தவறில்லை. வினைச்சொல்லில்தான் தவறு.

சல்லிவன் 1819 ஜனவரியில் மலை ஏறியது உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு அவருக்குக் கீழே வேலை பார்த்த விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் ஏறி வந்ததும் உண்மை. 1812இல் கீஸ் என்ற நில அளவையாளர் கோத்தகிரிப் பக்கம் வரை வந்து போயிருக்கிறார். ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1603இலேயே மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்து தோடர்களையும் படகர்களையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவர் எதற்கு வந்தார் தெரியுமா? புனித தோமாவின் காலத்துக் கிறிஸ்தவர்கள் இந்த மலையில் மறந்துபோய்க் கிடக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. தேடி வந்தவர் கண்டதோ எருமை மேய்க்கும் தோடர்களை. பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல் கண்டும் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கும் முன்னால், 1117இல், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை நடுங்கவைத்ததாகவும் நீலமலைச் சிகரத்தைத் திருமகளுக்குக் காணிக்கையாக்கியதாகவும் சாமராஜநகர்க் கல்வெட்டு சொல்கிறது. ஆக மலைக்குப் பெயரும் இருந்தது, மலைமேல் ஆளும் இருந்தார்கள், அவர்களை மிரட்டியதைப் பெருமையாகக் கல்லில் வெட்டவும் ஆள் இருந்தது.

பிறகு எப்படி சல்லிவன் 'கண்டுபிடித்தவர்' ஆனார்? அன்று புத்தகம் எழுதியவர்கள் கம்பெனிக்காரர்களும் அவர்களின் பின்னோர்களும். அவர்கள் மனதில் இருந்த கேள்வி, "நம்மவர்களில் இந்த மலையைக் குடியிருப்பாக்கியது யார்?" என்பது. அந்தக் கேள்விக்கு 'சல்லிவன்' என்ற விடை நியாயமானது. வீடு கட்டினார், ஏரி வெட்டினார், பாதை போட்டார். நாம் அந்தப் புத்தகங்களைத் தமிழாக்கியபோது விடையை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை அங்கேயே விட்டுவிட்டோம். 'நம்மவர்களில்' என்ற ஒரு சொல் மலையேறும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. அந்த மதுரைப் பெண் குனிந்து எடுத்தது அதைத்தான்.

உதகை அரசுக் கலைக் கல்லூரியில் படித்தவன் நான். அந்த வளாகத்துக் 'கல் பங்களா' சல்லிவன் கட்டியது என்று அப்போதே தெரியும். கட்டியவர் அவர் என்றால் கல் சுமந்தவர் யார் என்று கேட்க எனக்கு ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது. சிறுமுகையிலிருந்து மலைக்குப் போட்ட முதல் பாதையில் சிறைக் கைதிகள் வேலை செய்திருக்கிறார்கள். இது புதிதாக முளைத்த தகவல் அல்ல. பழைய ஆவணங்களிலேயே இருக்கிறது. அந்த வரியில் விரல் வைத்து நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கேட்பதைப் பொறுத்துத்தான் கிடைப்பது என்பதற்கு நம் மலையிலேயே ஒரு கதை உண்டு. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தோடர்களைப் பற்றி 1906இல் பெரிய புத்தகம் போட்டார். மந்து மந்தாக (மந்து என்றால் தோடர் குடியிருப்பு) போய், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அத்தனை குடும்பங்களின் வம்சாவளியையும் எழுதி எடுத்தார். அசுர உழைப்பு. முப்பது ஆண்டு கழித்து எமனோ என்ற மொழியறிஞர் வந்தார். தோடர் மொழியையே கற்றுக்கொண்டு, பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவருக்கு ஒன்று புலப்பட்டது: தந்தைவழிக் குலம் போலவே தோடர்களுக்குத் தாய்வழிக் குலமும் தனியாக உண்டு, அதற்குள்ளும் மணம் செய்துகொள்ளக் கூடாது. வம்சாவளிக்கே பேர்போன ரிவர்ஸ் அதைத் தவறவிட்டிருந்தார். எமனோ 1937இல் அதை எழுதினார். இதற்கு நடுவில் தோடர்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டு விடவில்லை. அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

மேட்டுப்பாளையத்தான்

வாத்தியார் ஐயா எல்லாவற்றையும் அழகாகச் சொல்கிறார். எனக்கு ஒப்பவில்லை. ஆட்சி மாறினால் பாடப்புத்தகம் மாறுகிறது, சாதிச் சங்கம் கூட்டம் போட்டால் மன்னனின் குலம் மாறுகிறது. நேற்று ஒன்று, இன்று ஒன்று. என் தாத்தாவின் வீட்டுப் பத்திரத்தை நான் இப்படித் திருத்தி எழுதினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். இவர்கள் செய்தால் மட்டும் 'மறுவாசிப்பு'. வேன்கார அண்ணா, பழையபடியே சொல்லுங்கள். வர்க்கி தின்ன வந்தவர்களுக்கு அது போதும்.

குன்னூர் ஓய்வாசிரியர்

நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், அந்தப் பத்திரத்தையே வைத்துப் பேசுவோம். நான்கெல்லை, சாட்சிக் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டை விற்கப் போகிறீர்கள். வாங்குகிறவரின் வக்கீல் வில்லங்கச் சான்று கேட்கிறார், வாரிசுச் சான்று கேட்கிறார். தோண்டத் தோண்டத்தான் தெரிகிறது, தாத்தாவுக்கு ஒரு தங்கை உண்டு, அவளைக் கேட்காமலே பாகம் பிரித்துவிட்டார்கள் என்று. இப்போது அந்தப் பத்திரம் பொய்யா? இல்லை. அது மட்டும் போதுமா? அதுவும் இல்லை. அந்த அத்தைப் பாட்டியைத் தேடிக் கொண்டுவந்து கூடத்தில் உட்காரவைப்பதுதான் நல்ல வரலாற்றாசிரியர் செய்யும் வேலை. வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

போலிப் பத்திரம் எழுதுகிறவர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மூலப் பத்திரத்தைக் காட்டு என்று கேளுங்கள். எடுத்து நீட்டினால் உட்கார்ந்து படிக்கலாம். "என் குலத்தையே சந்தேகப்படுகிறாயா?" என்று கத்தினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

'நேற்று ஒன்று, இன்று ஒன்று' என்பதும் எல்லா நேரமும் கேவலமில்லை. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒரு பெயர் வரும். அது யார் என்று பல ஆண்டுகள் ஆளுக்கொரு ஊரையும் குலத்தையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு குகைக் கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.' ஒரே ஒரு வரி. சத்தியபுத்திரர் என்றால் அதியமான் மரபினர் என்று முடிந்துபோயிற்று. அதற்கு முந்தைய நாள்வரை வேறு மாதிரி எழுதியவர்கள் பொய்யர்கள் அல்ல. பாறை இன்னும் வாய் திறக்கவில்லை.

கோத்தகிரி பேத்தி

அண்ணா, நான் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியை, அதாவது படகர் ஊரைச் சேர்ந்த பெண். வாத்தியார் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவர் கதை சுமுகமாக முடிகிறது. எங்கள் வீட்டில் அப்படி முடிவதில்லை.

'படகர்' என்றால் வடக்கிலிருந்து வந்தவர் என்று பொருள் சொல்வார்கள். மைசூர்ச் சீமையிலிருந்து, விஜயநகரம் 1565இல் வீழ்ந்த பிறகு, ஓடி வந்தவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து எழுதப்பட்டு வருகிறது. என் பாட்டியும் ஒரு கதை சொல்வார். அண்ணன் தம்பிகள், அவர்களுக்கு ஒரு அழகான தங்கை, அவள் மேல் கண் வைத்த ஓர் அரசன், இரவோடு இரவாகப் புறப்பட்ட குடும்பம். அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டேதான் சொல்வார். தங்கை ஆற்றைக் கடக்கும் இடம் வந்தால் மட்டும் துடுப்பு நின்றுவிடும். அந்தக் கதையில் எந்த ஆண்டும் கிடையாது. விஜயநகரமும் கிடையாது. ஆண்டைச் சேர்த்தவர்கள் வேறு ஆட்கள். ஃபெனிசியோ 1603இல் எங்களை இங்கே பார்த்திருக்கிறார் என்றால் அதற்கு முன்பே இருந்தோம் என்பது வரை உறுதி. எவ்வளவு முன்பு என்பதில்தான் சண்டை.

சண்டை என்றால் புத்தகத்தில் இல்லை, எங்கள் வீட்டுத் திண்ணையில். பெரிய மாமா, "வந்தவர்கள்தான், வந்ததில் என்ன வெட்கம்?" என்பார். சின்ன மாமா, "யாரோ எழுதியதை நீ ஏன் சுமக்கிறாய்? நாம் இந்த மண்ணின் ஆதிக்குடி" என்பார். எங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. இரண்டு மாமாக்களுக்கும் அது தெரியும். தேவைக்குத் தோதாகக் கதை வளைகிறது என்று வெளியாள் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வளைவதே இல்லை என்று சின்ன மாமா சொல்லும்போதும் என்னால் தலையாட்ட முடிவதில்லை. 'வந்தேறி' என்று எழுதியவர்களுக்கு மட்டும் தேவை எதுவும் இருக்கவில்லையா என்றும் தோன்றுகிறது. இந்த மலையில் யாருமே வேரூன்றியவர்கள் இல்லை என்று சொல்வது நிலம் எடுக்க வந்தவர்களுக்கு வசதிதானே?

இன்னொன்று. அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்விதான், அதற்காக சல்லிவனை ஒரேயடியாக வில்லனாக்கிவிடாதீர்கள். புல்வெளி தோடர்களுக்குச் சொந்தம் என்று மேலிடத்தோடு வாதாடியவர் அவர். அதே மனிதர் தனக்கென்று நிறைய நிலமும் வளைத்துப்போட்டார். இரண்டையும் சொல்லுங்கள். புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். இருவரும் 1838இல் இறந்தவர்கள். மூன்று ஆண்டில் அவர் இந்தியாவை விட்டே போய்விட்டார். உங்கள் வண்டி கோத்தகிரி வந்தால் கன்னேரிமுக்கில் அவர் தங்கிய பழைய பங்களாவையும் காட்டலாம். அந்த வழியில் கூட்டமும் குறைவு.

சீகை வெட்டுபவன்

நான் அதிகம் படித்தவன் அல்ல. அவலாஞ்சிப் பக்கம் சீகை மரம் (ஆங்கிலத்தில் வாட்டில்) அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையில் இருக்கிறேன். தாளில் இருப்பதை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். மண்ணில் இருப்பதைச் சொல்கிறேன்.

சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: முன்பு மலை முழுக்கச் சோலைக்காடு, தோடர்கள் தீ வைத்தும் எருமை மேய்த்தும் அழித்ததால் புல்வெளி ஆயிற்று. அதனால் காலி இடத்தில் மரம் நடுவது புண்ணியம். வெள்ளைக்காரர்கள் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்கள் அதைவிட அதிகமாக நட்டார்கள். என் அப்பாவும் நட்டார். தினக்கூலிக்கு.

1938லேயே வன அதிகாரிகளுக்குள் இதில் தகராறு. நெருப்பும் மேய்ச்சலும்தான் காரணம் என்றார் என்.எல். போர் (பெயரே போர்!). இல்லை, பள்ளத்தில் விழும் உறைபனியில் சோலைக் கன்று கருகிவிடுகிறது, அதனால்தான் அங்கே புல் நிற்கிறது என்றார் ரங்கநாதன். இருவரும் கெட்டிக்காரர்கள், இருவரும் இதே புல்லில் நடந்தவர்கள்.

வழக்கில் சதுப்பு நிலமும் பிறகு சாட்சி சொன்னது. இங்கே பள்ளங்களில் கருமண் இருக்கும். மண்வெட்டியால் ஒரு கட்டி பெயர்த்துக் கையில் பிழிந்தால் காப்பிச் சக்கையிலிருந்து வடிவதுபோலப் பழுப்புத் தண்ணீர் வரும். உள்ளே மக்காத வேர் நார் தெரியும். அடுக்கடுக்காகப் படிந்த செடிகொடிதான் அது. இந்த மலைப் புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு. கனமான கரியணு எந்த விகிதத்தில் இருக்கிறது என்று அளந்தால், அந்த அடுக்கு படிந்த காலத்தில் சுற்றிலும் புல் மிகுதியா, மரம் மிகுதியா என்று சொல்லிவிடலாம். பேராசிரியர் சுகுமாரும் உடன் உழைத்தவர்களும் அளந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 20,000 ஆண்டுகள் வரை பின்னால் போகும் கணக்கு. குளிரும் வறட்சியும் கடுமையாக இருந்த அந்தப் பழைய காலத்திலேயே புல் பரந்து கிடந்திருக்கிறது. பிறகு மழை கூடியபோது மரம் முன்னேறியது, குறைந்தபோது புல் முன்னேறியது. தோடர் கையில் தீக்குச்சி வருவதற்கு எவ்வளவோ முன்பு.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அன்று நடு என்றார்கள், நட்டேன். இன்று வெட்டு என்கிறார்கள், நீ வெட்டுகிறாய். கூலி எவ்வளவு?" என்று கேட்டார்.

ஊட்டி வேன்காரன்

இவ்வளவு பேர் மெனக்கெட்டு எழுதியதற்கு நன்றி. மூன்று நாளாக ஸ்டாண்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். அத்தைப் பாட்டி கதையை மற்ற ஓட்டுநர்களுக்கும் சொன்னேன். ஒருவருக்கு அது சொந்தக் கதையாகவே இருந்தது, பாதியில் எழுந்து போய்விட்டார்.

நேற்று ஈரோட்டிலிருந்து வந்தவர்களிடம் புதிதாக முயன்று பார்த்தேன். "இந்த மலையில் மனிதர்கள் காலம் காலமாக இருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இதைக் குடியிருப்பாக்கிக் கொடுத்தவர் சல்லிவன்" என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. கல்வெட்டு, பாதிரியார் வரை வந்தபோது முன் இருக்கைப் பெரியவர், "தம்பி, கடைசியாகக் கண்டுபிடித்தது யார்? அதை மட்டும் சொல்லுங்கள், பேரனுக்கு வினாடி வினா இருக்கிறது" என்றார். என்ன செய்வது? 'சல்லிவன்' என்றேன். வேறு எதை எழுதினாலும் பையனுக்கு மதிப்பெண் போய்விடும். பாவம். ஆனால் சீகை மரத்தைக் காட்டி, இது இந்த ஊர் மரமே இல்லை என்றபோது அந்தப் பையன்தான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தலைக்குந்தா வரை எண்ணிக்கொண்டு வந்தான்.

வாத்தியார் ஐயா, கடைசியாக ஒரு சந்தேகம். ஸ்டீபன் தேவாலயத்து உத்தரம் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தது என்றும் சொல்லி வருகிறேன். அதுவும் போய்விட்டதா?

குன்னூர் ஓய்வாசிரியர்

போகவில்லை தம்பி, அது நிற்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்து லால்பாக் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரம். தேவாலயத்துக்கு அடிக்கல் 1829 ஏப்ரல் 23. தைரியமாகச் சொல்லுங்கள்.

அவ்வளவு கனத்த உத்தரத்தை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றியது யார் என்று அந்த மதுரைப் பெண் மாதிரி யாராவது கேட்டால், பதிலை இங்கே வந்து கேளுங்கள். அதற்குள் நானும் கொஞ்சம் தேடி வைக்கிறேன்.

ஊட்டி வேன்காரன்

சரி ஐயா. ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து பதினான்கு பேர் வருகிறார்கள். எல்லோரும் ஆசிரியர்களாம்.